படம் மங்கினால் பழி யாருக்கு?

ஒரு புகைப்படம் தெளிவில்லாமல் வந்துவிட்டால் நம்மிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, "கமரா சரியில்லை." மற்றது, "எடுத்தவருக்குக் கை நடுங்குது." இவற்றைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இரண்டில் எது உண்மை, அல்லது இரண்டுமே பிழையா என்று கண்டறிய ஒரு பிற்பகல் வேண்டும். அந்தப் பிற்பகலை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது கல்லூரி ஊடகக் கழகத்தில் ஒரு டி.எஸ்.எல்.ஆர் கமரா இருக்கிறது. பாவித்த கமராதான். கடந்த பரிசளிப்பு விழாவில் அதனால் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மங்கலாக வந்தன. அதன்பின் இரண்டு பேச்சுகள் எழுந்தன. கமராவை விற்றுவிட்டு, பெற்றோரிடம் பணம் சேர்த்துப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்பது முதலாவது. படம் எடுத்த தரம் 10 தங்கைக்குக் கை உறுதியில்லை என்பது இரண்டாவது. அதைக் கேட்ட அந்தத் தங்கை கழகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

புதிய கமரா இன்று எந்தக் குடும்பத்துக்கும் இலேசான செலவல்ல. ஒரு பிள்ளையின் ஆர்வமும் இலேசான விடயமல்ல. ஆகவே உயர்தரப் பௌதிகவியல் செய்முறையில் நாம் கற்ற முறைப்படி அந்தக் கமராவைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நானும் என் வகுப்புத் தோழி ஒருவரும் முன்வந்தோம். மூன்றாவது ஆளாக அந்தத் தங்கையையே வீடு தேடிச் சென்று அழைத்து வந்தோம்.

மங்கலுக்கு நான்கு காரணங்கள்

"மங்கல்" என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் நான்கு வேறு குறைகள். ஒவ்வொன்றும் படத்தில் தன் அடையாளத்தை விட்டுச் செல்கிறது.

முதலாவது, குவியம் தவறுதல். நாம் "போகஸ்" என்று சொல்வது இதைத்தான். எடுக்க நினைத்த முகம் மங்கலாக இருக்கும். ஆனால் அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் வேறொரு பொருள் கூர்மையாக விழுந்திருக்கும்.

இரண்டாவது, கமரா அசைதல். படத்திலுள்ள எல்லாப் பொருள்களும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். சிறிய மின்விளக்கு ஒரு புள்ளியாக விழாமல் குறுங்கோடாக விழும்.

மூன்றாவது, படமெடுக்கப்படும் ஆள் அசைதல். சுவரும் மேசையும் தெளிவாக இருக்கும். நடந்தவர் மட்டும் கலங்கியிருப்பார்.

நான்காவது, வில்லையின் குறை. கமராவை முக்காலியில் வைத்து, அசையாத பொருளை எடுத்தாலும் படத்தின் மூலைகளில் அல்லது முழுப் படத்திலும் ஒரு மென்மை தெரியும்.

காரணம் எதுவென்று தெரியாமல் பரிகாரம் தேடுவது, காய்ச்சல் என்றவுடன் கையில் கிடைத்த குளிசையை விழுங்குவதற்கு ஒப்பானது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பாடம்

ஒன்றோடொன்று கலந்திருக்கும் காரணங்களைப் பிரித்தறிவது எப்படி? இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர், 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம். ஒளியியல் பற்றிய அவருடைய "கிதாபுல் மனாழிர்" என்னும் நூல் பின்னர் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களாலும் கற்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது உலகம் அவரை மீண்டும் நினைவுகூர்ந்தது.

அந்நூலில் அவர் விவரிக்கும் ஒரு பரிசோதனை மிக எளிமையானது. இருண்ட இடமொன்றுக்குள் ஒரு சிறு துவாரம் வழியாக ஒளி செல்கிறது. துவாரத்துக்கு வெளியே பல விளக்குகள் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்பொட்டு தனித்தனியே விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைகிறது. திரையை அகற்றினால் அது மீண்டும் தோன்றுகிறது. எல்லா ஒளியும் ஒரே துவாரத்தினூடாகச் சென்றாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதை அவர் இவ்வாறு காட்டினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் எல்லா விளக்குகளையும் ஒரே நேரத்தில் மறைக்கவில்லை என்பதே. ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்றினார். மற்றவற்றை அப்படியே வைத்திருந்தார். இன்று எமது செய்முறைப் புத்தகத்தில் "ஏனைய மாறிகளை மாறாது பேணுக" என்று எழுதுகிறோமே, அதே பாடந்தான். கமராவைச் சோதிப்பதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

முதலாம் பரிசோதனை: வில்லை தெளிவானதா?

இதில் கை அசைவு, ஆள் அசைவு, தானியங்கிக் குவியம் ஆகிய மூன்றையும் அகற்றிவிட வேண்டும். அப்போது எஞ்சுவது வில்லை மட்டுமே.

ஒரு பழைய பத்திரிகையின் தாள்களைச் சுவரில் சுருக்கமின்றி ஒட்டினோம். கைத்தொழில் ஆய்வுகூடங்களில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட விசேட அட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள், அதற்கென ஐ.எஸ்.ஓ 12233 என்ற சர்வதேச நியமமும் 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. நமக்குப் பத்திரிகையின் சிறிய எழுத்துகள் போதும்.

இரவல் வாங்கிய முக்காலியில் கமராவைப் பொருத்தி, மூன்று மீற்றர் தூரத்தில் வைத்தோம். கமரா சுவருக்குச் சரிநேராக இருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. சுவரில் ஒரு சிறு தளவாடியைத் தட்டையாக ஒட்டுங்கள். கமராவினூடாகப் பார்க்கும்போது வில்லையின் விம்பம் அந்த ஆடியின் நடுவே, படத்தின் நடுவிலும் தெரிந்தால் கமரா நேராக இருக்கிறது. படுகோணமும் தெறிகோணமும் சமம் என்ற விதி இங்கே கைகொடுக்கிறது.

ஐ.எஸ்.ஓ 100 என்று வைத்தோம். அதிர்வுத் தணிப்பை நிறுத்தினோம். முக்காலியில் இருக்கும்போது, குறிப்பாகப் பழைய வில்லைகளில், அதை நிறுத்துவது நல்லது; இல்லாத அசைவைத் தேடி அதுவே படத்தை அசைத்துவிடக் கூடும். பின்திரையில் காட்சியைப் பெரிதாக்கிக் கையாலேயே குவியத்தைச் சரிசெய்தோம். பொத்தானை அழுத்தும் விரலின் அசைவு படாமலிருக்க இரண்டு செக்கன் தாமதத்தில் எடுத்தோம். டி.எஸ்.எல்.ஆர் கமராவுக்குள் ஓர் ஆடி இருக்கிறது. படம் எடுக்கும் கணத்தில் அது மேலே உயர்வதாலும் சிறு அதிர்வு உண்டாகும். பின்திரை வழியாக எடுக்கும்போது ஆடி முன்கூட்டியே உயர்ந்து நிற்பதால் அந்தத் தொல்லை குறைகிறது.

பின்னர் வில்லையின் துவாரத்தை மட்டும் மாற்றினோம்: எஃப் 5.6, 8, 11, 16, 22. ஒவ்வொன்றிலும் மூன்று படங்கள். கணினியில் முழு அளவில் திறந்து பார்த்தபோது, எஃப் 5.6 இல் நடுப்பகுதி நன்றாகவும் மூலைகள் சற்று மென்மையாகவும் இருந்தன. எஃப் 8, எஃப் 11 இரண்டிலும் மூலையிலுள்ள எழுத்துகளையும் வாசிக்க முடிந்தது. எஃப் 22 இல் முழுப் படமும் மென்மையாகிவிட்டது.

துவாரத்தைச் சிறிதாக்கினால் படம் கூர்மையாகும் என்றுதானே பலர் எண்ணுகிறோம்? ஓரளவுக்கே அது உண்மை. துவாரம் மிகச் சிறிதானால் ஒளியலைகள் அதன் விளிம்பில் கோணலடைந்து பரவுகின்றன. பச்சை ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு கணித்தால், ஒரு புள்ளியின் விம்பம் எஃப் 8 இல் ஏறத்தாழ 11 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள பொட்டாகவும் எஃப் 22 இல் ஏறத்தாழ 30 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள பொட்டாகவும் விழும். எமது கமராவின் உணரியில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரோமீற்றர் அளவே. அப்படியானால் எஃப் 22 இன் மென்மை எந்தக் கமராவின் குறையும் அல்ல, ஒளியின் இயல்பு.

முடிவு: வில்லையில் குற்றமில்லை.

இரண்டாம் பரிசோதனை: குவியம் சரியான இடத்தில் விழுகிறதா?

டி.எஸ்.எல்.ஆர் கமராவில் கண்ணருகே வைத்துப் பார்க்கும்போது குவியத்தை அளப்பது படம் பதியும் உணரி அல்ல. ஆடிக்குக் கீழே இருக்கும் வேறோர் உணரியே அதைச் செய்கிறது. இரண்டுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தாலும் கமரா ஒவ்வொரு முறையும் சற்று முன்னாலோ பின்னாலோ குவியப்படுத்தும். பாவித்த கமரா வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

மேசைமீது ஐந்து பற்றரிகளைச் சாய்வான வரிசையில் நிறுத்தினோம். ஒவ்வொன்றும் முந்தியதைவிட இரண்டு சென்ரிமீற்றர் பின்னால். அரை மீற்றர் தூரத்திலிருந்து, துவாரத்தை முழுதாகத் திறந்து, நடுப் பற்றரிமீது குவியப்படுத்தினோம். ஒவ்வொரு தடவையும் குவியத்தை வேண்டுமென்றே கலைத்துவிட்டுப் பத்துத் தடவை எடுத்தோம். பின்திரை வழியாக மேலும் பத்து.

பத்தில் ஒன்பது படங்களில் நடுப் பற்றரியே தெளிவாக இருந்தது. பின்திரை வழியாகப் பத்தும் சரி. குவியத்திலும் குற்றமில்லை. நான்காவது பற்றரியே திரும்பத் திரும்பத் தெளிவாக வந்திருந்தால் கமரா பின்னோக்கிக் குவியப்படுத்துகிறது என்று அறிந்திருப்போம். சில கமராக்களில் அதைத் திருத்தும் வசதியும் உண்டு.

மூன்றாம் பரிசோதனை: கையும் அதிர்வுத் தணிப்பும்

ஓடும் பஸ்ஸில் தேநீர்க் கோப்பையை ஏந்தியிருப்பவர் பஸ் வலப்புறம் சாய்ந்தால் கையை இடப்புறம் கொண்டுபோவார். அதிர்வுத் தணிப்பும் அப்படியே. கமராவின் சுழற்சியை நுண்ணிய உணரிகள் அறிகின்றன. மின்காந்தங்கள் வில்லைத் தொகுதியின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. கெனன் நிறுவனம் 1995இல் இத்தகைய வில்லையை எஸ்.எல்.ஆர் கமராக்களுக்காக வெளியிட்டது. கொனிக்கா மினோல்டா நிறுவனம் 2004இல் வில்லைக்குப் பதிலாகக் கமராவின் உணரியையே நகர்த்தும் டி.எஸ்.எல்.ஆர் கமராவைக் கொண்டுவந்தது.

எவ்வளவு சிறிய அசைவை இது எதிர்கொள்கிறது தெரியுமா? குவியத்தூரம் 55 மில்லிமீற்றர், பிக்சலின் அகலம் 4 மைக்ரோமீற்றர் என்றால், கமரா 0.000073 ஆரையன் திரும்பினாலே விம்பம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். இது ஒரு பாகையின் 240இல் ஒரு பங்கு. சுவர்க் கடிகாரத்தின் மணிமுள் அரைச் செக்கனில் திரும்பும் அளவு! இவ்வளவு சிறிய அசைவுகூட இல்லாத கை எவருக்கும் இல்லை.

கையில் வைத்து எடுக்கும்போது செக்கனின் எத்தனையில் ஒரு பங்கு வேகம் வேண்டும் என்பதற்குப் பழைய விதியொன்று உண்டு. குவியத்தூரத்தின் தலைகீழே அது. எமது கமராவின் உணரி பழைய படச்சுருளைவிடச் சிறியதாகையால் 1.5 ஆல் பெருக்க வேண்டும். 55ஐ 1.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 80. ஆகவே 1/80 செக்கன்.

அதிலிருந்து தொடங்கி 1/80, 1/40, 1/20, 1/10, 1/5 என ஐந்து வேகங்களில், அதே பத்திரிகைச் சுவரை எடுத்தோம். வெளிச்சம் மாறாதிருக்க ஐ.எஸ்.ஓவை 1600இலிருந்து 100 வரை படிப்படியாகக் குறைத்தோம். ஒவ்வொரு வேகத்திலும் தணிப்பு இல்லாமல் பத்து, தணிப்புடன் பத்து. தணிப்புடன் எடுக்கும்போது பொத்தானைப் பாதி அழுத்தி, காட்சி நிலைத்த பின்னரே முழுதும் அழுத்தினோம். ஒருவருக்கு 100 படங்கள், மூவருக்கும் 300.

தரம் பிரிக்கும் வேலையை இன்னொரு தோழியிடம் கொடுத்தோம். எந்தப் படம் யார் எடுத்தது, தணிப்பு இருந்ததா என்பதை அவருக்குச் சொல்லவில்லை. சிறிய எழுத்தை வாசிக்க முடிந்தால் "சரி", இல்லாவிட்டால் "பிழை". விருப்பு வெறுப்பு தீர்ப்பில் கலக்காதிருக்க இந்த ஏற்பாடு அவசியம்.

ஒவ்வொரு வேகத்திலும் இருந்த 30 படங்களில் தணிப்பு இல்லாமல் சரியானவை: 1/80 இல் 26, 1/40 இல் 16, 1/20 இல் 4, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. தணிப்புடன்: 1/80 இல் 30, 1/40 இல் 28, 1/20 இல் 25, 1/10 இல் 15, 1/5 இல் 3. ஏறத்தாழப் பாதிப் படங்கள் சரியாக வரும் எல்லை 1/40 இலிருந்து 1/10 வரை இறங்கியிருக்கிறது. அதாவது எமது கைகளுக்குக் கிடைத்த உதவி இரண்டு படிகள். நிறுவனங்கள் தம் பெட்டிகளில் அச்சிடும் எண், ஜப்பானியக் கமராச் சங்கம் வகுத்த நியமத்தின்படி அதிரும் இயந்திரத்தில் கமராவை வைத்து அளப்பது. உங்கள் கைக்கு எத்தனை படி என்பதை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விடயமும் வெளிப்பட்டது. தணிப்பு இல்லாத 1/40 செக்கனில் எனக்கு 5, என் வகுப்புத் தோழிக்கு 4, தரம் 10 தங்கைக்கு 7. "கை உறுதியில்லை" என்று சொல்லப்பட்டவரின் கைதான் எங்கள் மூவரிலும் உறுதியானது.

நான்காம் பரிசோதனை: மின்விசிறி

இதற்கு ஒரு நிமிடம் போதும். சுழலும் மின்விசிறியை 1/30 செக்கனில், தணிப்புடன் எடுங்கள். கூரையும் விசிறியின் தண்டும் தெளிவாக இருக்கும், இதழ்கள் கலங்கியிருக்கும். தணிப்பு கமராவின் அசைவை மட்டுமே ஈடுசெய்கிறது. எதிரே அசையும் பொருளை அதனால் நிறுத்த முடியாது. ரிவஸ்டன் பாதையில் பிட்டவல பத்தன புல்வெளிக்குச் சென்றவர்களுக்கு அங்கே வீசும் காற்று நினைவிருக்கும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த தணிப்பு இருந்தாலும் மெதுவான வேகத்தில் எடுத்தால் மலை தெளிவாகவும் புல் கலங்கலாகவுமே வரும்.

விழாப் படங்களை மீண்டும் பார்த்தோம்

இப்போது பரிசளிப்பு விழாப் படங்களைத் திறந்தோம். கமரா ஒவ்வொரு படத்தோடும் சேர்த்து வைத்திருக்கும் தகவல் இதுதான்: 55 மில்லிமீற்றர், எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ 400, 1/25 செக்கன். மேடையின் பின்னால் தொங்கிய பதாகையின் எழுத்துகள் தெளிவாக இருந்தன. மேசையிலிருந்த பூச்சாடியும் தெளிவாக இருந்தது. நடந்து வந்த மாணவிகளும் பரிசை வாங்க நீண்ட கைகளுமே கலங்கியிருந்தன. கமரா அசைந்திருந்தால் பதாகையும் கலங்கியிருக்கும். வில்லை பழுதென்றால் பூச்சாடியும் மங்கியிருக்கும். ஆகவே அது மூன்றாவது காரணம்: ஆள் அசைதல். விழாவுக்கு முன் யாரோ வைத்த ஐ.எஸ்.ஓ 400, மங்கிய வெளிச்சமுள்ள அந்த மண்டபத்துக்குப் போதாது.

பரிகாரத்துக்குப் பணம் தேவைப்படவில்லை. ஐ.எஸ்.ஓவை 400இலிருந்து 3200க்கு உயர்த்தினால் மூன்று படிகள் கிடைக்கும். 1/25 செக்கன் 1/200 ஆகும். மீலாத் விழாவில் அவ்வாறே எடுத்தோம். படங்களில் சிறு மணல் போன்ற புள்ளிகள் தெரிந்தன. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் அடையாளம் தெரிந்தது. படம் எடுத்தவர் அதே தங்கைதான். பெற்றோரிடம் பணம் சேர்க்கும் யோசனையும் கைவிடப்பட்டது. கழகத்தின் சேமிப்பில் ஒரு முக்காலி மட்டும் வாங்கினோம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளை கமரா கேட்டால், பாவித்த ஒன்றை வாங்க நேர்ந்தால், பணம் கொடுக்குமுன் பத்திரிகைத் தாளையும் ஐந்து பற்றரிகளையும் கொண்டு செல்லுங்கள். தணிப்பை இயக்கிப் பத்துப் படம், நிறுத்திப் பத்துப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் வேறுபாடே இல்லையென்றால் தணிப்பு பழுதாக இருக்கலாம். இச்சோதனைகளுக்கு எவருடைய முகமும் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். தெளிவான கமராவில் தூரத்திலிருந்து எடுத்த முகத்தையும் பெரிதாக்கிப் பார்க்க முடியும். ஆகவே பிறரை எடுக்குமுன் அனுமதி கேட்கும் பழக்கத்தைக் கமராவோடு சேர்த்தே கொடுங்கள்.

தெளிவு மட்டுந்தான் அழகா என்று சிலர் கேட்கலாம். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகைப்படக் கலைஞர், மென்மையான குவியத்தில் எடுத்த முகப்படங்களுக்காகவே இன்றும் போற்றப்படுகிறார். அவருடைய மென்மை அவர் தெரிந்து தேர்ந்தது. தெரிந்து தேர்வதற்கும் தெரியாமல் நேர்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் பரிசோதனை கற்றுத் தருகிறது.

தோழியரே, உங்கள் வீட்டில் ஒரு கமராவோ கைத்தொலைபேசியோ இருக்கும். இந்த விடுமுறையில் அதை மின்விசிறிக்குக் கீழே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டதை எழுதி வையுங்கள். பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். கருவியைப் பற்றிய தீர்ப்புக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், அதைப் பிடித்திருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய தீர்ப்புக்கு இன்னும் எவ்வளவு வேண்டும்!